பள்ளி நாளில் ஊட்டி: வேலூரிலிருந்து புறப்படும் ஒரு குடும்பச் சுற்றுலா பற்றிய மதிப்பீடு

வேலூரில் இயங்கும் சுற்றுலா நிறுவனம் ஒன்று, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், செவ்வாய் இரவு காட்பாடியில் ரயில் ஏற்றிச் சனிக்கிழமை விடியற்காலையில் மீண்டும் காட்பாடியிலேயே இறக்கிவிடும் ஊட்டிச் சுற்றுலா ஒன்றைக் குடும்பங்களுக்கென்று நடத்தி வருகிறது. போக வர மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் படுக்கை, மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில், இரண்டு இரவுத் தங்கல், காலையும் இரவும் சாப்பாடு, ஊர் சுற்ற உள்ளூர்க் கார் ஆகிய அனைத்தும் சேர்த்து, பெற்றோர் இருவரும் பிள்ளைகள் இருவருமாக நால்வர் உள்ள குடும்பத்துக்கு 30,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வாங்குகிறார்கள். மே மாதத்துக்கென அவர்கள் அச்சிட்டிருக்கும் விலைப்பட்டியலில் இதே ஏற்பாட்டின் விலை ஏறத்தாழ இரு மடங்கு. இந்த வேறுபாட்டின் பயனைப் பெற வேண்டுமானால் பிள்ளைகள் புதன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று நாட்கள் பள்ளிக்குப் போகாமல் இருக்க வேண்டும். கடந்த ஆகஸ்டில் நாங்கள் போய் வந்தோம். நிறுவனத்தின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அவர்கள் செய்து கொடுத்தவற்றில் பெரும்பகுதி நிறைவாகவே இருந்தது. ஏற்க முடியாத ஒன்றும் இருந்தது. அந்த ஒன்றை இவ்வூரில் வேறு இரண்டு அலுவலகங்களில் விசாரித்தபோதும் ஏறக்குறைய அதே சொற்களில் கேட்டேன். ஆகவே அதை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றுவது முறையாகாது.

முதலில் விலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊட்டிக்குச் சீசன் என்பது ஏப்ரலும் மேயும்தான். வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மலைக்குப் போய்விட வேண்டும் என்று நினைக்காத வீடு கிடையாது. சென்னையும் பெங்களூரும் கேரளமும் அதே வாரத்தில் அதையேதான் நினைக்கின்றன. மே மாதத்தில் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் சேர்ந்துகொள்கிறது. நெரிசல் தாங்காமல்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்ச வரம்பும் விதித்தார்கள். ஜூனில் பள்ளிகள் திறந்த உடனே இந்தக் கூட்டம் வடிந்துவிடுகிறது, அறை வாடகை இறங்குகிறது, கார் ஓட்டுநர்கள் பேரத்துக்கு இசைகிறார்கள். சுருங்கச் சொன்னால், பிள்ளைகள் வகுப்பறையில் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்தத் தொகுப்பு இந்த விலைக்குக் கிடைக்கிறது. நிறுவனமும் இதை மறைப்பதில்லை. துண்டறிக்கையிலேயே ‘பள்ளி நாள் சலுகை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ரயிலில் போய் அங்கே உள்ளூர்க் காரை அமர்த்துவதால் இ-பாஸ் தொல்லையும் இல்லை என்பதை அவர்கள் விளம்பரத்தில் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

விடுமுறையிலேயே போய்விட்டு வரலாமே என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தாங்களே விடுமுறை உள்ள வேலையில் இருப்பவர்கள். என் மனைவி மருத்துவமனையில் செவிலியர். மே மாத விடுப்பு அங்கே பணிமூப்பு வரிசையில்தான் கிடைக்கும், அந்த வரிசையில் அவர் இன்னும் நடுவில்தான் நிற்கிறார். நான் ராணிப்பேட்டையில் காலணி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் ஆண்டுக் கணக்கு முடியும் வரை எங்கள் பிரிவில் யாருக்கும் நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைக்காது. போதாக்குறைக்கு, வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு திருவிழா. மாமியார் வீடு அங்கே இருப்பதால் மே மாதத்தின் நடுவாரம் அதற்கென்றே எழுதிவைக்கப்பட்டது. பொங்கல் சொந்த ஊருக்கு. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் ஊட்டியின் விலை மீண்டும் மே மாதத்தை எட்டிப் பார்க்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்தில் மருத்துவமனையையும் தோல் தொழிலையும் நம்பிப் பிழைக்கும் வீடுகளில் எங்களைப் போன்ற நிலை அபூர்வமன்று. கணவனுக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே வாரத்தில் ஓய்வு கிடைப்பதே அரிது. அது கிடைக்கும்போது பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது.

ஒரு நாளில் போய்வரக்கூடிய இடத்துக்கு இந்த வாதம் செல்லாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏலகிரி இருக்கிறது. ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறினால் 1,100 மீட்டர் உயரத்தில் புங்கனூர் ஏரி. காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை நெரிசலைப் பொறுத்துக்கொண்டால் அதற்காகப் பள்ளியில் விடுப்புக் கேட்கத் தேவையில்லை. இதே நிறுவனம் ஏலகிரிக்கும் ‘பள்ளி நாள் சலுகை’ வைத்திருக்கிறது. அதை எடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இனி அலுவலகத்தில் நடந்தது. முன்பதிவு செய்யப் போனபோது எங்களைக் கவனித்துக்கொண்ட இளைஞர் நல்ல மரியாதை தெரிந்தவர். தேநீர் வரவழைத்தார், பிள்ளைகளின் வயதைக் கேட்டு எழுதிக்கொண்டார். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்னர்தான் திறக்கும் என்பதையும், 5 முதல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம்தான் என்பதையும் நாங்கள் கேட்காமலே விளக்கினார். அரைக் கட்டணம் என்று சொல்லிப் பிறகு கையை விரிக்கும் முகவர்களைப் பார்த்தவன் என்ற முறையில் இதை நான் பாராட்டுகிறேன். பிறகு தேதி பற்றிப் பேச்சு வந்தது. மகளுக்கு அந்த மாதத்தில் இடைத் தேர்வு இருக்கும், பள்ளியில் கேட்டுவிட்டு வந்து தேதி சொல்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, “ஸ்கூல்ல எதுக்கு சார் கேக்கணும்? மூணு நாள் காய்ச்சல்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. சர்ட்டிபிகேட் வேணும்னா சொல்லுங்க, நமக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு, நாங்களே வாங்கித் தந்துடுவோம். பேக்கேஜ்ல சேர்ந்ததுதான், தனியா ஒண்ணும் வேணாம்” என்றார்.

தலையணை உறை, காலைச் சிற்றுண்டி, மருத்துவச் சான்றிதழ் என்று ஒரே மூச்சில் சேவைகளை அடுக்கும் அந்த இயல்புதான் என்னை உறுத்தியது. அவரைக் கடிந்து பயனில்லை. வாடிக்கையாளர்கள் கேட்டுக் கேட்டுத்தான் இது பட்டியலில் ஏறியிருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பள்ளியில் கேட்ட பிறகு பணம் கட்டுகிறேன் என்று எழுந்துவந்தேன்.

மகள் தனியார் மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பு. மகன் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு. இரண்டு பள்ளிகளுக்கும் உள்ளது உள்ளபடியே கடிதம் எழுதினோம்: பெற்றோர் இருவருக்கும் ஒருசேர விடுப்புக் கிடைக்கும் வாரம் இதுதான், ஊட்டிக்குக் குடும்பமாகப் போகிறோம், விட்டுப்போகும் பாடங்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி முடிக்க வைக்கிறோம். மகளின் பள்ளி முதல்வர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். நான் கடுமையான சொல்லை எதிர்பார்த்திருந்தேன். அவர் சொன்னது இது: “ஊட்டின்னே எழுதினீங்களே, அதுவே பெரிய உதவி சார். காய்ச்சல்னு லெட்டர் வந்தா நாங்க அதை சும்மா ஃபைல்ல போட்டுட முடியாது. ஒரே வகுப்புல நாலு பிள்ளைக்குக் காய்ச்சல்னு வந்துச்சுன்னா டெங்குவான்னு பாக்கணும், ஹெல்த் இன்ஸ்பெக்டருக்குச் சொல்லணும், தண்ணித் தொட்டியத் திறந்து பாக்கணும். போன வருஷம் அப்படி ஓடி ஆடிப் பாத்தோம். அதுல ரெண்டு பேரு கொடைக்கானல்ல இருந்தாங்க.”

மழைக்காலம் தொடங்கும் மாதங்களில் ஒரு பள்ளிக்கு வரும் காய்ச்சல் கடிதம் தனி ஒரு வீட்டின் சாக்கு என்ற அளவில் நின்றுவிடுவதில்லை என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. பள்ளிக்கூடம் அந்தக் கடிதங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. ஊருக்குள் கொசு எங்கே பெருகுகிறது என்பதற்கு அதுவும் ஒரு தடயம். சலுகை விலைச் சுற்றுலாவுக்காக எழுதப்படும் பத்துப் பொய்க் கடிதங்கள் அந்தத் தடயத்தைக் குழப்பிவிடுகின்றன. சுற்றுலா நிறுவனத்தின் மேசையில் சான்றிதழை நீட்டும் அந்த இளைஞருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. இதைத் தவிர, வீட்டுக்குள்ளேயே ஒரு சங்கடமும் உண்டு: காய்ச்சல் என்று சொல்லச் சொன்னால், ஒன்பது வயதுப் பையன் மலை ரயிலில் ஏறியதைத் திங்கட்கிழமை காலை இறைவணக்கம் முடியும் வரைகூட மனத்தில் வைத்திருக்க மாட்டான்.

மகனின் பள்ளித் தலைமை ஆசிரியை அனுமதி தந்தார், ஆனால் சற்றுக் கசப்புடன் தந்தார். வருகைப் பதிவு இப்போது செயலியில் அன்றன்று காலையிலேயே ஏறிவிடுகிறது. யார் வரவில்லை என்பது உடனே தெரிந்துவிடுகிறது. அவர் சொன்ன இன்னொன்றை நான் மறுக்க முடியவில்லை. அதே வகுப்பில் படிக்கும் ஒரு மாணவி, பெற்றோர் செங்கல் சூளை வேலைக்குப் போகும் காலத்தில் அவர்களோடு போய்விடுகிறாள். அவள் வராத நாட்களுக்குப் பள்ளி அவளது வீடு தேடிப் போக வேண்டியிருக்கிறது, அவளுடைய பெயர் நீண்ட நாள் வராதோர் பட்டியலில் ஏறுகிறது. ஊட்டிக்குப் போகும் பிள்ளை வராத நாட்களுக்கு ‘பொது அறிவு வளரும்’ என்று பெயர். இருவருக்கும் விட்டுப்போவது ஒரே பாடம்தானே என்றார். எங்கள் மூன்று நாட்களையும் அவளது மாதங்களையும் ஒப்பிட முடியாது என்று பதில் சொல்லலாம், சொல்லவில்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை 200 வேலை நாட்களும் ஆறு முதல் எட்டு வரை 220 வேலை நாட்களும் பள்ளி நடக்க வேண்டும் என்று வரையறுக்கிறது; தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி மறுப்பதும் இல்லை. ஆகவே இந்த வயதில் மூன்று நாட்களால் எந்தப் பிள்ளையும் வகுப்பில் தங்கிவிடப் போவதில்லை. சி.பி.எஸ்.இ. பள்ளியில் பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைக்கு 75 விழுக்காடு வருகை வேண்டும் என்ற கணக்கு வேறு. இங்கிலாந்தில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு எங்கள் நிலை வியப்பாக இருந்தது. அங்கே பள்ளி நாளில் அனுமதியின்றிப் பிள்ளையைச் சுற்றுலாவுக்கு அழைத்துப்போனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் ஒவ்வொருவரும் அபராதம் கட்ட வேண்டும். 2024 ஆகஸ்டு முதல் அது 80 பவுண்டு, 21 நாட்களுக்குள் கட்டாவிட்டால் 160. மகளை ஃபுளோரிடாவுக்கு அழைத்துப்போன தந்தை ஒருவர் அபராதம் கட்ட மறுத்து நடத்திய வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 2017இல் அவருக்கு எதிராக முடிந்தது. அப்படியும் பலர் அபராதத்தைப் பயணச் செலவில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டு போகிறார்கள், விடுமுறைக் கால விமானக் கட்டணத்தை விட அதுவே மலிவு என்று அவன் சொன்னான். அபராதம் போட்டால் நேர்மை வளரும் என்று நான் நம்பவில்லை. இங்கே போட்டால் சான்றிதழ்த் தொழில்தான் வளரும்.

பயணத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு பதினொரு மணி அளவில் காட்பாடியைத் தொடுகிறது. நிறுவனத்தின் ஆள் நடைமேடையில் நின்று, படுக்கை எண்களைக் கையில் எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டி நிற்கும் இடத்தில் எங்களை முன்கூட்டியே நிறுத்திவைத்தார். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளோடு பெட்டி தேடி ஓடியவர்களுக்கு இந்தச் சிறு உதவியின் அருமை தெரியும். நால்வருக்கும் ஒரே அடைப்பில் படுக்கை கிடைத்திருந்தது. காலை ஆறரைக்குள் மேட்டுப்பாளையம், அங்கே நிலையத்திலேயே இட்லிப் பொட்டலம் காத்திருந்தது, 7.10க்கு மலை ரயில்.

இந்தத் தொகுப்பில் கொடுத்த பணத்துக்கு முழுமையாகத் தகுந்தது எது என்று கேட்டால் அந்த மலை ரயில்தான். 46 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகிறது. 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள். குன்னூர் வரையிலான பாதை 1899இலும் ஊட்டி வரையிலானது 1908இலும் திறக்கப்பட்டவை. 2005 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் தொடங்குகிறது. எஞ்சினின் அடியில் உள்ள பல்சக்கரம் அதில் கவ்விக் கவ்வி ஏறுகிறது. எஞ்சின் பின்னால் இருந்து தள்ளுகிறது. ஆகவே முதல் பெட்டியின் முன்புறத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பிரேக்ஸ்மேன் ஒருவர் வெட்டவெளியில் நிற்கிறார், பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் அவர் கையில். ஒவ்வொரு பெட்டிக்கும் அவ்வாறு ஒருவர் உண்டு. எங்கள் பெட்டியில் நின்றவர், ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும் இடைவேளையில், மகனைக் கீழே இறங்கச் சொல்லி அந்தப் பல்வரிசையைக் காட்டினார். இரண்டு சட்டங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றில் பள்ளம். ஏன் இரண்டும் ஒத்திருக்கவில்லை என்று மகன் கேட்டான். “ஒண்ணு விட்டா இன்னொண்ணு புடிச்சிருக்கணும்ல தம்பி” என்றார் அவர். கருப்பு மசகு எண்ணெய் படிந்த விரலால் பல்லை எண்ணிக்கொண்டு அவன் குந்தியிருக்க, அவனது வாழைப்பழத்தைக் குரங்கு பறித்துக்கொண்டு போய்விட்டது.

நிறுவனம் பிள்ளைகளுக்கென்று ‘கற்றல் கையேடு’ ஒன்று தருகிறது. ‘பயணமே பள்ளி’ என்று அட்டையில் எழுதி, உள்ளே கட்டங்களில் படம் வரையவும் ‘நான் கண்ட மலர்கள் ஐந்து’ எழுதவும் இடம் விட்டிருக்கிறார்கள். மகள் அதைத் திறக்கவே இல்லை. திறக்காமல் இருந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். சுற்றுலாவைச் சுற்றுலா என்று ஒப்புக்கொள்ளாமல் பாடம் என்று வேடம் கட்டுவதும் காய்ச்சல் கடிதத்தின் தூரத்து உறவு. ஊட்டிக்குப் போவது குளிரில் சேர்ந்து திரியவும், தாயும் தந்தையும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காரவும்தான். மலை ரயிலில் மகன் கற்றுக்கொண்டது தற்செயல். கையேடு இல்லாமலே வந்தது.

தங்கும் விடுதி சுமார். அறை தூய்மையாக இருந்தது, கம்பளிகள் போதுமான அளவு இருந்தன. வெந்நீர் காலை ஏழு முதல் எட்டரை வரை மட்டும் என்பதை வந்த பிறகே சொன்னார்கள். இரவுச் சாப்பாடு இரண்டு நாளும் ஒரே வகை. சப்பாத்தியும் குருமாவும் சூடாக இருந்ததைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டுநர் ஊட்டிக்காரர், பொறுமைசாலி, கடை கடையாக நிறுத்திக் கமிஷன் பார்க்கும் பழக்கம் இல்லாதவர். ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு மட்டும் அழைத்துப்போனார், அதுவும் நாங்கள் கேட்ட பிறகு. தாவரவியல் பூங்காவில் கூட்டமே இல்லை. இரண்டு கோடி ஆண்டுகள் பழமையானது என்று எழுதிவைத்திருக்கும் கல்மரத்தின் பக்கத்தில் பிள்ளைகள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க முடிந்தது. மே மாதத்தில் அங்கே பின்னால் வருபவர் தள்ளிக்கொண்டே இருப்பார்.

மழையைப் பற்றி நிறுவனம் இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டும். விலை குறைவதற்குப் பள்ளிக்கூடம் ஒரு காரணம் என்றால் தென்மேற்குப் பருவமழை இன்னொரு காரணம். ‘இதமான சாரல்’ என்று துண்டறிக்கை சொல்கிறது. வியாழன் முழுவதும் அந்த இதமான சாரல் விடவே இல்லை; 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் ஏறி நின்றபோது எதிரில் இருந்தது வெண்மை மட்டும். படகு இல்லம் மூடியிருந்தது, அந்தப் பணத்தைத் திருப்பித் தரவில்லை, ஓட்டுநர் தன் பொறுப்பில் வேறு ஒரு பூங்காவுக்கு அழைத்துப்போனார். எங்களுக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. ஆனால் நீலகிரியின் மேற்குப் பக்கம் ஆகஸ்டில் எப்படி மாறும் என்பதற்கு 2019 இருக்கிறது. அந்த ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. இதைச் சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று அஞ்சத் தேவையில்லை. குடையும் மாற்றுச் செருப்பும் எடுத்து வாருங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தாலே போதும்.

விட்டுப்போன பாடங்களின் நிலை என்ன என்பதுதான் இந்த மதிப்பீட்டைப் படிக்கும் பெற்றோர் அறிய விரும்புவது. மகனுக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டு பக்கக் கையெழுத்து, ஒரு வாய்ப்பாடு, முடிந்தது. மகளுக்குத் தமிழும் சமூக அறிவியலும் தோழியின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதியதோடு சரியாகிவிட்டன. கணக்கில்தான் சிக்கல் வந்தது. அந்த வாரத்தில்தான் நேர் விகிதம் முடிந்து எதிர் விகிதம் தொடங்கியிருக்கிறது. ஆட்கள் கூடினால் நாட்கள் குறையும் என்ற கணக்கை எல்லோரும் கரும்பலகையில் போட்டுப் பார்த்துவிட்டார்கள். இவள் திங்களன்று உட்கார்ந்தபோது வகுப்பு அதைத் தாண்டிவிட்டது. குறிப்பேட்டில் விடைகள் இருந்தன, ஏன் இங்கே பெருக்குகிறோம், ஏன் அங்கே வகுக்கிறோம் என்பது அதில் இல்லை. அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வாரத்து மாலை நேரம் பிடித்தது. கணக்கு வேலையில் இருப்பவன் என்பதால் என்னால் முடிந்தது. வீட்டில் அப்படி யாரும் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டே காலாண்டுத் தேர்வுக்குப் போயிருக்கும். ஆகவே போவதற்கு முன்பு கணக்கு ஆசிரியரிடம் அந்த வாரத்தில் புதிய பாடம் தொடங்குகிறதா என்று கேட்பது, முதல்வரிடம் அனுமதி கேட்பதை விடவும் பயனுள்ளது. தொடங்குகிறது என்றால் அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்த நிறுவனம், புறப்படும் நாளுக்கு முன் ஒரு முறை தேதி மாற்றக் கட்டணம் வாங்குவதில்லை. ரயில் சீட்டை ரத்து செய்யும் பிடித்தம் மட்டும் நம்முடையது.

ஐந்தாம் வகுப்புக்குள் இருக்கும் பிள்ளைகளோடு போவதானால் இந்தத் தொகுப்பைத் தயங்காமல் எடுக்கலாம். ஆறு முதல் எட்டு வரை, மேலே சொன்ன கணக்கு ஆசிரியர் நிபந்தனையோடு. ஒன்பதாம் வகுப்பு முதல் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு குடும்பத்தை மேட்டுப்பாளையத்தில் பார்த்தோம், அந்தப் பிள்ளை மலை ரயிலில் சன்னல் பக்கம் உட்கார்ந்து வேதியியல் கையேட்டைப் படித்துக்கொண்டே வந்தது, பாலம் வந்தபோதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்ட வரியைத் தேடிக்கொண்டிருந்தது. எந்த வகுப்பானாலும் அந்த இளைஞர் நீட்டும் சான்றிதழை மட்டும் வாங்க வேண்டாம். அலுவலகத்தின் உரிமையாளரிடம் திரும்பி வந்த பிறகு இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், இனிமேல் அப்படிப் பேச மாட்டார்கள் என்றார். இரண்டு வாரம் கழித்து எங்கள் தெருவில் இன்னொரு குடும்பம் முன்பதிவு செய்யப் போனபோது அதே பேச்சுதான் நடந்திருக்கிறது.

தேதி தேர்ந்தெடுக்கும்போது ஜூலை, ஆகஸ்டு மாதங்களையே பார்க்கவும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு நெருங்கிவிடுகிறது. நிறுவனம் இப்போது நவம்பருக்கும் இதே விலையில் பதிவு தொடங்கியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து மலை ரயிலை நாள் கணக்கில் நிறுத்திவைப்பது வழக்கம் என்பதால் அந்த மாதத்தை எடுக்க வேண்டாம். ரயில்வே தானாக வண்டியை ரத்து செய்தால் சீட்டுப் பணத்தை முழுமையாகத் திருப்பித் தருகிறது. ஆனால் நிறுவனத்தின் ரசீதின் பின்பக்கத்தில், மலை ரயில் ஓடாவிட்டால் அதற்குப் பதிலாகப் பேருந்தில் அழைத்துச் செல்லப்படும், தொகை திருப்பித் தரப்படாது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். பணம் கட்டும் முன் அந்த வரியை அவர்கள் கையாலேயே அடித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எங்களுக்கு மறுப்பேதும் சொல்லாமல் செய்து கொடுத்தார்கள்.